கரை வேர்த்து முடியட்டும்

குருவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. சீடனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வாய்க்கால் பக்கம் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை.

"ஏனுங்க, இதுல யாரு சாமி, யாரு சீடன்னு வாசல்ல ஒரு போர்டு வெச்சா என்னங்க?" என்பான் ஆறுக்குட்டி. அவனுக்கு வாய்க்கால் ஓரமாகத் தோட்டம். வாய்க்கால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம் வாய்.

குரு ஒரு பெண், பெயர் வேலாத்தா. ஊர் அவரைச் சாமி என்று கூப்பிட்டது. சீடன் பெயர் திருமூர்த்தி. அவனை ஊர் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

குடிசை வாய்க்காலின் மேட்டுக் கரையில் இருந்தது. அந்த இடத்தில் வாய்க்கால் மண்ணில் ஓடவில்லை. குன்றை வெட்டிக்கொண்டு போன பள்ளத்தில் ஓடியது. இரண்டு பக்கமும் மூன்று ஆள் உயரத்துக்குப் பாறை. பாறை என்று பேருக்குத்தான். சாம்பல் நிறத்தில் ஏடு ஏடாக இருக்கும். நகத்தால் கீறினால் கோடு விழும். ஊரில் அதற்கு வர்க்கிப் பாறை என்று பெயர். டீயில் முக்கின வர்க்கி பிஸ்கட் முழுசாகக் கைக்கு வருமா? இதுவும் அப்படித்தான்.

இப்படிப்பட்ட பாறையைச் சாய்வாகத்தான் வெட்ட வேண்டும். வெட்டியவர்களுக்கும் அது தெரியும். சாய்வாக வெட்டினால் மேலே ஆளுக்குக் கொஞ்சம் நிலம் போகும். யாரும் கொடுக்கவில்லை. அதனால் சுவர் மாதிரி நெட்டுக்குத்தாக வெட்டினார்கள். வெட்டிவிட்டு, விழாமல் இருக்க ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டார்கள்.

போகம் முடிந்து வாய்க்காலை அடைக்கும்போது மதகுப் பலகைகளை ஒரே மூச்சில் போடக் கூடாது. ஒரு பலகை போட வேண்டும். தண்ணீர் கொஞ்சம் இறங்கும். இறங்கிய அளவுக்குப் பாறை வெளியே தெரியும். வெளியே வந்த பாறை வேர்க்கும். போகம் முழுக்க உள்ளே ஊறியிருந்த தண்ணீர் முத்து முத்தாக வெளியே வந்து வழியும். அந்த வேர்வை அடங்கிய பிறகுதான் அடுத்த பலகை. அடங்க ஒரு நாளும் ஆகும், ஒரு வாரமும் ஆகும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. நிலம் இல்லாதவர்தான் மதகைத் தொடலாம். நிலம் இருப்பவன் தன் வயலைப் பார்த்துத்தான் பலகை போடுவான் என்று ஊருக்கு ஊர் மேலேயே சந்தேகம். அப்படி ஓர் ஆளைத் தேடியபோதுதான் வேலாத்தா அகப்பட்டார். குடிசைக்கு இடமும் மதகும் சேர்ந்தே வந்தன.

திருமூர்த்தி வந்தது அதற்கு நெடுநாள் கழித்து. வந்த கதையை அவனே சொல்வான். குடிசைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வான்.

"வூட்டுல மயிலாத்தா அடுப்புல டீ வெச்சுட்டு இருந்தா. நான் நாற்காலியில உக்காந்திருந்தேன். எந்திரிச்சேன். செருப்பைக்கூடப் போடல. வந்துட்டேன். ஒரே வெட்டு."

கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அந்த டீ என்ன ஆனது என்று ஒருவரும் கேட்டதில்லை.

"அந்த வூட்டுக்கு நாந்தானுங்க கேடு. நான் வாயத் தொறந்தா அவ அழுவா. அவ வாயத் தொறந்தா நான் தட்டத் தூக்கி எறிவேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து இதே பாடு. கேட்டை வெளிய எடுத்துட்டா வூடு நல்லாயிருக்குமில்ல? அதான் என்னய நானே எடுத்துட்டு வந்துட்டேன்."

இதைத் தியாகம் மாதிரி சொல்வான். அவன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினான். அது பொய்யைவிட மோசம்.

இந்தக் கதை தொடங்கினால் குருவுக்கு ஏதாவது வேலை வந்துவிடும். எழுந்து போய்விடுவார்.

அந்த வருடம் பொங்கல் கழிந்து அடைப்புத் தொடங்கியது. பாதிப் பலகைக்கு மேல் போட்டாகிவிட்டது. இன்னும் நாலு.

"அடுத்தது எப்பங்க சாமி?"

"கரை வேர்த்து முடியட்டும்."

"நேத்தும் இதைத்தான் சொன்னீங்க."

"நேத்தும் வேர்த்துட்டுத்தான் இருந்துச்சு."

குரு கரையோரமாக இறங்கிப் போய்ப் பாறையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கையைத் திருப்பிக் காட்டினார். ஈரம்.

"கடைமடை வரைக்கும் போயிட்டு வர்றேன். அங்க யாருக்கோ இன்னொரு நனைப்பு வேணுமாம். சாயங்காலம் ஆயிரும். பலகையத் தொட வேண்டாங்கண்ணா."

குரு அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். வயதில் பெரியவன் ஆயிற்றே.

"சரிங்க சாமி."

குரு போன கொஞ்ச நேரத்தில் காலை பஸ்ஸில் கிருத்திகா வந்து இறங்கினாள். அவன் மகள். அவன் கிளம்பி வந்தபோது பள்ளிக்கூடப் பெண். இப்போது பனியன் கம்பெனியில் வேலை. லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். நேராகக் குடிசை வாசலில் வந்து நின்றாள். நிமிர்ந்து பார்க்க வேண்டிய உயரம் போய், நேருக்கு நேர் பார்க்கிற உயரம் வந்திருந்தது.

திருமூர்த்தி கையெடுத்துக் கும்பிட்டான்.

"கும்பிடாதீங்கப்பா. அசிங்கமா இருக்குது."

"எல்லா உசுரும் ஒண்ணுதான் கண்ணு. எல்லாத்தையும் கும்பிடலாம்."

"அதுல ஒரு உசுரு நம்ம வூட்டுல இருக்குது. அதப் பத்திப் பேசத்தான் வந்தேன்."

அவன் பாயை விரித்தான். அவள் உட்காரவில்லை.

"அம்மா நல்லாயிருக்குதா?"

"நீங்க போனதுல இருந்து தெனமும் காலையில உங்க நாற்காலிகிட்டச் சண்டை போட்டுச்சு. டீயக் கொண்டாந்து முன்னாடி வெச்சுட்டு, 'ஆறிப்போவுது, யாருக்கு வெச்சேன் இத'ன்னு கத்தும். அப்புறம் அதுவே எடுத்து ஊத்தீரும். பக்கத்துல எல்லாரும் பைத்தியம் புடிச்சிருச்சுன்னாங்க. எனக்குப் பயமில்ல. சண்டை போடற வரைக்கும் அம்மா அம்மாதான்."

"இப்ப?"

"பொங்கலோட நிறுத்திருச்சு."

"டீயும் வெக்கறதில்லயா?"

"இல்ல. பேச்சும் இல்ல. எங்க நிக்க வெச்சமோ அங்கயே நிக்குது. நேத்து அடுப்புகிட்ட நின்னுட்டு இருந்துச்சு. அடுப்புப் பத்த வெக்கவே இல்ல."

திருமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டான். குடிசைக்கு வருகிறவர்களிடம் பேசுகிற குரலை எடுத்தான்.

"பற்று விட்டுப்போறப்ப அப்படித்தான் கண்ணு இருக்கும். அது ஒரு நெலை."

"அம்மா பற்ற விடலப்பா. அம்மாவே விட்டுப்போயிட்டு இருக்குது."

குரல் திரும்பிப் போய்விட்டது. கண்ணைத் திறந்தான்.

"நான் என்ன பண்ணோணும்ங்கற?"

"ஒரு தடவ வந்து சண்டை போட்டுட்டுப் போங்க."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"நெசமாத்தான் சொல்றேன். வந்து தட்டத் தூக்கி எறிங்க. சோத்துல உப்பில்லன்னு கத்துங்க. அது திருப்பிக் கத்தட்டும். ஒரே ஒரு வார்த்த அது வாயில இருந்து வந்தாப் போதும். அதுக்கப்புறம் நீங்க இங்க வந்து மோட்சத்துக்குப் போங்க. நான் ஏன்னு கேக்க மாட்டேன். நாலு மணிக்குப் பஸ்ஸு."

மயிலாத்தா அடுப்புப் பக்கத்தில் சும்மா நிற்பதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவள் சும்மா நின்று அவன் பார்த்ததே இல்லை. சண்டை போடும்போதுகூடக் கை ஏதாவது ஒரு பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும்.

"வர்றேன். ஆனா இன்னிக்கு முடியாது கண்ணு. அடைப்புப் பாதியில நிக்குது. சாமியும் கடைமடைக்குப் போயிருக்குது. பாதியில வுட்டுட்டு வரக் கூடாது."

"பாதியில வுடறது உங்களுக்குப் புதுசா?"

அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

எழுந்து நேராக மதகுக்குப் போனான். ஒரு பலகையைத் தூக்கிப் போட்டான். அது மதகில் உட்கார்ந்ததும் அடுத்தது. அதற்கு மேல் அடுத்தது. நாலையும் போட்டு முடித்து, சந்துகளில் வைக்கோலும் களிமண்ணும் அடைத்தான். இந்த முறை எதையும் பாதியில் விடவில்லை. அந்த நினைப்பே அவனுக்குச் சுகமாக இருந்தது.

ஆறுக்குட்டி மொபெட்டை நிறுத்தி எட்டிப் பார்த்தான்.

"என்னங்க சீடரே, ஒரேயடியா மூடியாச்சு? சாமி சொல்லுச்சா?"

"சொல்லாமயா போடுவேன்?"

"அதுவும் சரிதான். நம்மளுக்கென்ன தெரியுது" என்று ஆறுக்குட்டி போய்விட்டான்.

தண்ணீர் இறங்கியது. உச்சி வெயில் வருவதற்குள் வாய்க்காலில் கணுக்கால் அளவுதான் மிச்சம். பாறை முழுக்க வெளியே வந்துவிட்டது. இப்படி மொத்தமாக அதை அவன் பார்த்ததே இல்லை. அடிப்பக்கம் தண்ணீர் அரித்து அரித்து உள்ளே குடைந்திருந்தது. மேல்பக்கம் முன்னால் துருத்திக்கொண்டு நின்றது.

வேர்த்தது. முதலில் முத்து முத்தாக. பிறகு கோடு கோடாக. பிறகு ஏடுகளின் சந்தெல்லாம் தண்ணீர் பீச்ச ஆரம்பித்தது. ஓட்டைப் பானை மாதிரி இருந்தது கரை.

பார்த்தான். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

"அழுது முடியட்டும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு மேலே ஏறி வந்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மகளோடு நடந்தான். இந்த முறை செருப்புப் போட்டுக்கொண்டான்.

பஸ் ஸ்டாப்பில் ஒரு டீக்கடை. கிருத்திகா இரண்டு டீ வாங்கினாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"என்னங்கப்பா?"

"உங்கம்மா வெக்கற மாதிரி இல்ல."

அவள் முகத்தில் முதல் தடவையாக ஏதோ இளகியது.

"இத அதுகிட்டச் சொல்லுங்க. நல்லாத் திட்டும். 'இத்தன நாள் இந்த நாக்கு எங்க போச்சு'ன்னு கேக்கும்."

"கேக்கும்."

"நீங்க உடனே பதில் சொல்லீராதீங்க. அது பேசட்டும்."

"சரி கண்ணு."

இரண்டு பேரும் டீ குடித்தார்கள். அவ்வளவு நாளில் அது ஒன்றுதான் நல்ல நேரம். நீளமாக இருந்திருக்கலாம். இல்லை.

பஸ் வந்தது. கிருத்திகா ஏறி ஜன்னல் பக்கம் இடம் பிடித்தாள். திருமூர்த்தி ஒரு காலைப் படியில் வைத்தான். அப்போது ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. லாரியில் இருந்து ஜல்லி கொட்டினால் எப்படி இருக்கும், அப்படி. பிறகு ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஆறுக்குட்டியின் மொபெட் வந்தது. அவன் வாயில் முதல் தடவையாகக் கிண்டல் இல்லை.

"கரை போச்சுங்க! குடிசையும் போச்சு! சாமி உள்ள இருந்துச்சா?"

திருமூர்த்தி படியில் இருந்து காலை எடுத்தான்.

"ஏறுய்யா, இல்ல எறங்கு" என்றார் கண்டக்டர்.

"அப்பா, சாமி கடைமடைக்குப் போயிருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க? உள்ள யாருமில்ல. ஏறுங்க."

"ஒரு நிமிசம் கண்ணு. போய்ப் பாத்துட்டு..."

"அப்பா."

"அடுத்த பஸ்ஸுல வந்தர்றேன்."

"அடுத்த பஸ் நாளைக்குத்தான்."

அவன் அங்கும் இங்கும் பார்த்தான். கிருத்திகா அவனைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

"போங்க. உங்களுக்கு எப்பவும் எங்கியாச்சும் ஒண்ணு விழுந்துட்டேதான் இருக்கும்" என்றாள், எதிர் சீட்டைப் பார்த்துக்கொண்டே. பஸ் போய்விட்டது.

குடிசை நின்ற இடம் இல்லை. வாய்க்கால் நெடுக, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகச் சாம்பல் நிறத்தில் பாறை குவிந்து கிடந்தது. குவியலுக்கு நடுவில் கூரை ஓலையும் ஒரு கதவும் தெரிந்தன. கதவு சாத்தியபடியே இருந்தது.

ஊர் கூடிவிட்டது. சாயங்கால வெயிலில் குரு வரப்பு வழியாக நடந்து வந்தார். கூட்டம் விலகி வழி விட்டது. அவர் முதலில் குடிசையைப் பார்க்கவில்லை. மதகைப் பார்த்தார். அடைத்திருந்த களிமண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சாமி, நீங்கதான் போடச் சொன்னீங்களாமா?" என்று ஆறுக்குட்டி கேட்டான்.

குரு திருமூர்த்தியைப் பார்த்தார். திருமூர்த்தி குவியலைப் பார்த்தான். 'இல்லை' என்று சொல்ல அவனுக்கு வேண்டிய நேரம் கிடைத்தது. அவன் சொல்லவில்லை.

"நாந்தான் பக்கத்துல இல்ல" என்றார் குரு.

அது ஒப்புக்கொண்டதா, இல்லையா என்று யாரும் யோசிக்கவில்லை. ஊருக்கு ஓர் ஆள் வேண்டும். கிடைத்துவிட்டது.

"அடுத்த போகத்துக்குள்ள இத யாரு அள்றது?"

"நெலம் இல்லாதவங்க கையில மதகைக் குடுத்தா இப்படித்தான். போனா அவங்களுக்கென்ன போவுது?"

"சாமியாவது பூதமாவது."

அன்றே மதகுக்கு ஒரு சங்கிலியும் பூட்டும் வந்தன. சாவி ஆறுக்குட்டியிடம் போனது. நிலம் கொடுக்காமல் நெட்டுக்குத்தாக வெட்டிய கதையை அன்றைக்கு ஒருவரும் ஞாபகப்படுத்தவில்லை. அவர்கள் தாத்தாக்கள் வெட்டியது. தாத்தாக்களைக் குறை சொல்ல முடியுமா?

குருவும் சீடனும் எதிர்க்கரையில் ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கொண்டார்கள். பகல் முழுக்கப் பாறையை அள்ளிக் கரை மேல் போட்டார்கள். யாரும் அள்ளச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. குரு அவனிடம் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதற்குப் பதில் நாலு அடி அடித்திருக்கலாம்.

ஒரு மத்தியானம் ஆறுக்குட்டி வந்து எட்ட நின்றான்.

"உங்க பொண்ணு என் போனுக்குக் கூப்பிட்டுச்சுங்க. சேதி சொல்லச் சொல்லுச்சு."

"என்ன சேதி?"

"உங்க நாற்காலியில இப்ப அவங்கம்மா உக்காந்திருக்குதாம். எந்திரிக்கறதில்லயாம். ஊட்டுனா முழுங்குமாம். பொண்ணு யாருன்னு அதுக்குத் தெரியுதா இல்லயான்னே தெரியலயாம்." ஆறுக்குட்டி செருப்பால் மண்ணைத் தேய்த்தான். "நீங்க வர வேண்டாம்னு சொல்லச் சொல்லுச்சு. நான் சொல்லிட்டேனுங்க." போய்விட்டான்.

திருமூர்த்தி கூடையைக் கீழே வைத்தான். குவியலின் மேலேயே உட்கார்ந்தான். குரு அள்ளிக்கொண்டே இருந்தார்.

"சாமி."

"சொல்லுங்கண்ணா."

"போகம் பூரா தண்ணி முட்ட முட்ட ஓடுச்சு. கரையோட காலத் தின்னுட்டேதான் ஓடுச்சு. அப்பெல்லாம் விழல. தின்ன தண்ணி போனப்புறம் ஏனுங்க விழுந்துச்சு?"

குரு நிமிர்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"கால அதுதான் தின்னுச்சு. தோளையும் அதுதான் புடிச்சிருந்துச்சு."

வெயில் குவியலின் மேல் காய்ந்தது.

"நான் அந்த வூட்டுக்குக் கேடுதானுங்க சாமி?"

"கேடுதான்."

"அப்ப நான் வெளிய வந்தது..."

அவன் முடிக்கவில்லை. குருவும் முடித்துக்கொடுக்கவில்லை.

"நான் இங்க வந்த அன்னிக்கே உங்களுக்கு இது தெரியுமுங்களா?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமுல்ல? அன்னிக்கே திரும்பிப் போன்னு சொல்லியிருந்தா டீ ஆறியிருக்காது." அவன் குரல் ஏறியது. வீட்டில் தட்டை எறிகிற குரல். இவ்வளவு நாள் கழித்து அது வந்தது, வர வேண்டிய இடத்தில் வராமல். "சொல்லியிருக்கலாமுல்லங்க?"

"நீங்க மோட்சத்தப் பத்தித்தானுங்க கேட்டீங்க. வூட்டப் பத்திக் கேக்கல." குரு கொஞ்சம் நிறுத்தினார். "மதகுல எனக்கும் ஒரு கை தேவப்பட்டுச்சு."

அதைச் சொல்லும்போது அவர் முகம் ஒன்றும் புனிதமாக இல்லை. களைத்துப்போன, மண் ஒட்டிய, சாதாரண முகம்.

திருமூர்த்தி எழுந்தான். துண்டை உதறினான்.

"நான் போறேன் சாமி. பொண்ணு வேண்டாம்னாலும் போறேன். நாளைக்குக் காலையில போய் அவ முன்னாடி நிக்கறேன். கத்தறேன். கால்ல விழறேன். என்ன வேணாலும் பண்றேன். போனது போனபடி இருக்கட்டும், நான் வந்துட்டேன்னு சொல்றேன்."

குரு தார்ப்பாய்க்குள் போய் இரண்டு சட்டிகளை எடுத்துவந்து தண்ணீர் ஊற்றினார். பிறகு இடிந்த கரைக்குப் போய், இன்னும் விழாமல் நிற்கிற அடிப்பக்கத்தில், ஈரம் போகாத பாறையில் ஒரு கைப்பிடி பெயர்த்தார். அதை முதல் சட்டியில் போட்டார். குவியலின் மேல் வெயிலில் காய்ந்து வெளுத்துக் கிடந்ததில் ஒரு கட்டியை எடுத்தார். கெட்டியாக இருந்தது. தட்டினால் சத்தம் வந்தது. அவன் கையில் கொடுத்தார்.

"எது கெட்டி?"

"இதுதானுங்க."

"போடுங்க."

அவன் இரண்டாவது சட்டியில் போட்டான்.

முதல் சட்டியில் ஒன்றும் நடக்கவில்லை. பாறை பாறையாகக் கிடந்தது. இரண்டாவது சட்டியில் சின்னச் சின்னக் குமிழி கிளம்பியது. உர்ரென்று ஒரு சத்தம். கட்டியில் ஒரு கீறல் விழுந்தது. ஓர் ஏடு கழன்றது. இன்னோர் ஏடு. ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. சட்டிக்குள் கட்டி இல்லை. சாம்பல் நிறச் சேறு மட்டும் அடியில் தங்கியது.

திருமூர்த்தி சட்டிக்குள் கையை விட்டான். விரல் இடுக்கில் சேறு வழிந்தது.

"இதுவும் அதுவும் ஒரே பாறைதானுங்களே?"

"ஒரே பாறைதான்."

"தண்ணியும் அதே தண்ணி."

"அதே தண்ணிதான்."

"அப்புறம் ஏனுங்க?"

"இது ஒருக்கா காஞ்சிருச்சு."

அவன் கையைக் கழுவவில்லை. சேறோடு முழங்காலில் வைத்துக்கொண்டான். எதிரே கதவு இன்னும் குவியலில் சாத்தியபடி நின்றது. அதைத் திறக்க யாருக்கும் தோன்றவில்லை. திறந்தால் உள்ளே பாறைதான்.

"மெதுவாப் போனா?" என்று கேட்டான். குரல் இறங்கிவிட்டது. "ஒரேயடியாப் போகாம? முதல்ல தெருமுனையில போய் நிக்கறேன். அப்புறம் ஒரு நாள் வாசல்ல. அப்புறம் திங்கறதுக்கு ஏதாச்சும் வாங்கிக் குடுத்துட்டு வர்றேன். ஒவ்வொரு பலகையாப் போடற மாதிரி. ஒவ்வொரு தடவையும் அவ வேர்த்து முடியற வரைக்கும் காத்திருக்கறேன் சாமி. எத்தன நாளானாலும் காத்திருக்கறேன். அது போதுமில்லீங்களா?"

குரு சேற்றுச் சட்டியை எடுத்துக் கரையோரமாகக் கவிழ்த்தார். கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"விழுந்த கரை வேர்க்காதுங்கண்ணா."